கையெழுத்துகள் கூடினால் நேர்மை கூடுமா?

பணம் புழங்கும் இடத்தில் ஒரு முறைகேடு வெளிப்பட்டுவிட்டால், அரசு அலுவலகமானாலும் தனியார் நிறுவனமானாலும் முதலில் எடுக்கப்படும் நடவடிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். அதுவரை ஒருவர் கையில் இருந்த அதிகாரத்தைப் பிடுங்கி ஒரு குழுவிடம் ஒப்படைப்பார்கள். ஒருவர் தப்புச் செய்தால் இன்னொருவர் தட்டிக் கேட்பார், ஐந்து பேர் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது என்பது அதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு. கொள்முதல் குழு, தேர்வுக் குழு, தணிக்கைக் குழு என்று நாம் நிறைத்து வைத்திருக்கும் குழுக்களில் பெரும்பாலானவை இந்தக் கணக்கை நம்பி உருவானவை.

கொள்முதல் கோப்புகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தக் கணக்கின் மீது சிறிது ஐயம் எப்போதும் உண்டு. மூன்று நிறுவனங்களிடமிருந்து வந்ததாகச் சொல்லப்படும் மூன்று விலைப்புள்ளிகளிலும் ஒரே எழுத்துப்பிழை ஒரே சொல்லில் இருக்கும். மூன்றும் ஒரே கணினியில் தட்டச்சானவை என்பது தெரிய நிபுணர் எவரும் தேவையில்லை. ஆனாலும் ஒப்பீட்டுப் பட்டியலின் அடியில் குழு உறுப்பினர்கள் ஐவரின் கையெழுத்தும் வரிசையாக இருக்கும். அந்த ஐவரும் பங்கு வாங்கியவர்கள் என்று சொல்லிவிட முடியாது. ஒருவர் வாங்கியிருக்கலாம், மற்ற நால்வர் தமக்கு மேலே இருக்கும் கையெழுத்தைப் பார்த்துத் தம் கையெழுத்தைப் போட்டிருக்கலாம். தனியாக அந்தக் கோப்பு தன் மேசைக்கு வந்திருந்தால் அந்த நால்வரும் அதே போலக் கையெழுத்திட்டிருப்பார்களா என்பதுதான் இங்கே எழும் கேள்வி. கடந்த பதினைந்து ஆண்டுகளில் நடத்தையியல் பொருளாதார ஆய்வாளர்கள் இந்தக் கேள்வியை ஆய்வுக்கூடத்திற்குள் கொண்டுபோய்ச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கிடைத்த விடைகள் குழுக்களுக்குச் சாதகமாக இல்லை.

ஜெர்மனியின் மியூனிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வு இவற்றில் தெளிவானது. பங்கேற்பவர் கணினித் திரையில் ஒரு பகடை உருளும் காணொளியைப் பார்க்க வேண்டும். விழுந்த எண்ணைத் தட்டச்சு செய்ய வேண்டும். அந்த எண்ணுக்கேற்பப் பணம் கிடைக்கும். ஐந்துக்கு மிகுதியான பணம், ஆறுக்கு ஒன்றுமில்லை. விழுந்த எண் திரையில் தெரிந்தது என்பதால், யார் பொய் சொன்னார் என்பது ஆய்வாளர்களுக்கு ஐயத்திற்கிடமின்றித் தெரியும். அதற்காக எந்தத் தண்டனையும் கிடையாது. தனித்தனியாக அமர்ந்து இதைச் செய்தபோது சுமார் 62 சதவீதத்தினர் பொய் சொன்னார்கள். பிறகு மும்மூன்று பேராகக் குழு சேர்த்து, அடையாளம் தெரியாத வகையில் தமக்குள் எழுத்தில் உரையாடிக்கொள்ள அனுமதித்து, மூவரும் ஒரே எண்ணைச் சொன்னால்தான் பணம் என்று விதித்தபோது பொய்யின் அளவு ஏறக்குறைய 90 சதவீதத்தைத் தொட்டது.

மூவரில் ஒருவர் உண்மையைச் சொன்னால் மற்ற இருவருக்கும் பணம் போய்விடும் என்பதால் வேறு வழியின்றிப் பொய் சொன்னார்கள் என்று இதற்குச் சமாதானம் சொல்லலாம். ஆய்வாளர்களுக்கும் அது தோன்றியிருக்கிறது. அதனால் இன்னொரு ஏற்பாட்டையும் வைத்திருந்தார்கள். அதில் மூவரும் கலந்து பேசலாம், ஆனால் அவரவர் சொல்லும் எண்ணுக்கு அவரவருக்குத் தனியே பணம். ஒருவர் உண்மை சொன்னால் இன்னொருவருக்கு ஒரு காசும் குறையாது. அந்த ஏற்பாட்டிலும் பொய் 86 சதவீதத்தில் நின்றது. ஆக, பணத்தால் கட்டுண்டதைவிடக் கலந்து பேசியதே ஆட்களை மாற்றியிருக்கிறது. உரையாடல்களை எடுத்து வகைப்படுத்தியபோது நேர்மைக்கான வாதங்களைவிடப் பொய்க்கான வாதங்களே மிகுந்திருந்தன. எல்லாரும் இதைத்தான் செய்வார்கள், இதனால் யாருக்கும் நட்டமில்லை என்ற வகைப் பேச்சு அந்தச் சில நிமிடங்களில் ஒரு சிறு சட்டம்போல் ஆகிவிடுகிறது.

தனி மனிதர் பொய் சொல்லத் தயங்குவதற்கு மாட்டிக்கொள்ளும் பயம் மட்டும் காரணமல்ல. சுவிட்சர்லாந்தில் நடந்து 2013-ல் வெளியான ஒரு சோதனையில், பகடையை மறைவாக உருட்டித் தாமே எண்ணைச் சொல்லிப் பணம் பெறலாம் என்று விட்டபோது, யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்ற நிலையிலும் சுமார் 39 சதவீதத்தினர் முழு உண்மையைச் சொன்னார்கள் என்றும், கடைசி எல்லைவரை பொய் சொன்னவர்கள் சுமார் 20 சதவீதத்தினர்தான் என்றும் கணிக்கப்பட்டது. மிச்சமிருந்தவர்கள் நடுவில் நின்றார்கள்: மிக உயர்ந்த எண்ணைச் சொல்லாமல் அதற்குச் சற்றுக் குறைவானதைச் சொல்லி, கொஞ்சம் ஏமாற்றிக்கொண்டே தம்மைத் தாமே யோக்கியர் என்று எண்ணிக்கொள்ளவும் இடம் வைத்துக்கொண்டார்கள். குழு கைவைப்பது இந்த இடத்தில்தான். தன்னைப் பற்றித் தான் வைத்திருக்கும் மதிப்பு என்பது தனிமையில் பெரிய காவல். தன்னையொத்த இருவர் 'இதில் என்ன இருக்கிறது' என்று சொல்லிவிட்டால் அந்தக் காவல் பாதிக்குமேல் தளர்ந்துவிடுகிறது.

2015-ல் வெளியான வேறொரு ஆய்வில் இன்னொரு பக்கம் வெளிப்பட்டது. இருவர் ஜோடி. முதலாமவர் மறைவாகப் பகடை உருட்டி எண்ணைச் சொல்வார். அதைக் கேட்ட பிறகு இரண்டாமவர் உருட்டித் தம் எண்ணைச் சொல்வார். இரண்டும் ஒன்றாக இருந்தால் இருவருக்கும் அந்த எண்ணுக்கேற்பப் பணம். இருபது சுற்று. தற்செயலாக எண் பொருந்துவதற்கான வாய்ப்பு ஆறில் ஒன்று, அதாவது சுமார் 17 சதவீதம். ஜோடிகள் பொருந்தியதாகச் சொன்னதோ 81.5 சதவீதச் சுற்றுகளில். இங்கே ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளக்கூட இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். முதலாமவர் பெரிய எண்ணாகச் சொல்லும்போதே அது ஒரு அழைப்பு. இரண்டாமவர் அதைத் திருப்பிச் சொல்லும்போது அது சம்மதம். கூட்டாளிக்கு நட்டம் வரக்கூடாது என்ற எண்ணம், தனியாக இருக்கும்போது வெட்கப்படும் ஒருவரின் வெட்கத்தைக் களைந்துவிடுகிறது. எனக்காகச் செய்யவில்லை, அவனுக்காகச் செய்தேன் என்று சொல்ல முடிகிற தப்பு, தப்பாகவே தோன்றாமல் விசுவாசமாகத் தோன்றத் தொடங்குகிறது. நம் குடும்பங்களிலும் சாதிச் சங்கங்களிலும் அலுவலகத் தொழிற்சங்கங்களிலும் இந்தச் சொற்றொடர் எத்தனை முறை ஒலிக்கிறது என்று வாசகர்களே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

பொறுப்பு பங்கு போடப்படும்போது அது எடையிழக்கிறது என்பதற்கு பான் நகரில் நடந்து 2013-ல் வெளியான எலி ஆய்வைத்தான் பலரும் சுட்டுகிறார்கள். ஆய்வகத்தில் தேவைக்கு மேல் வளர்க்கப்பட்டு எப்படியும் கொல்லப்படவிருந்த, நலமாக உள்ள எலிகள் அவை. எலியைப் பிழைக்க விடுவதா, அதைக் கொல்லச் சம்மதித்துப் பத்து யூரோ வாங்கிக்கொள்வதா என்று தனித்தனியே கேட்டபோது ஏறக்குறைய 46 சதவீதத்தினர் பணத்தைத் தேர்ந்தார்கள். அதே எலியை நடுவில் வைத்து, விற்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர் என்று அமைத்து, இருவரும் பேரம் பேசி இருபது யூரோவைப் பங்கிட்டுக்கொள்ளலாம் என்றபோது, பத்து யூரோவோ அதற்குக் குறைந்த தொகையோ பெற்று எலியைக் கைவிடச் சம்மதித்த விற்பனையாளர்கள் 72 சதவீதம். பேரத்தில் இறங்கியவுடன் பேச்சு விலையைப் பற்றியதாகிவிடுகிறது. எலியைப் பற்றியதாக இருப்பதில்லை.

இங்கே இடையில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. நேர்மையின்மையைப் பற்றிய ஆய்வுத்துறையே இந்த நோய்க்கு இலக்கானது. படிவத்தின் அடியில் கையெழுத்து வாங்குவதற்குப் பதிலாக மேலேயே வாங்கினால் மக்கள் உண்மையை எழுதுவார்கள் என்று ஐந்து பேர் சேர்ந்து 2012-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். அது உலகெங்கும் மேற்கோள் காட்டப்பட்டது. அதன் களத் தரவுகள் புனையப்பட்டவை என்பது அம்பலமானதால் 2021-ல் அக்கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. ஐந்து பெயர்கள் மேலே இருந்தும் தரவைத் திறந்து சரிபார்த்தவர்கள் வெளியாட்கள்தான். ஆகவே இந்தத் துறையின் ஒரு தனி முடிவை வேதவாக்காகக் கொள்ளாமல், பலர் பல இடங்களில் செய்து ஒரே திசையைக் காட்டும் முடிவுகளையே நம்புவது நல்லது. குழுவில் பொய் கூடுகிறது என்பது அந்த வகையைச் சேர்ந்தது.

ஆய்வுக்கூடத்து யூரோக்களை விட்டு நம் நாட்டின் கோடிகளுக்கு வரலாம். 2008 டிசம்பர் 16 அன்று ஹைதராபாத்தின் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனத்தின் இயக்குநர் குழு கூடி, மேட்டாஸ் என்ற பெயருள்ள இரு நிறுவனங்களை சுமார் 160 கோடி டாலருக்கு வாங்கலாம் என்று தீர்மானித்தது. சத்யம் என்ற சொல்லின் ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் போட்டால் மேட்டாஸ்; இரண்டும் சத்யம் தலைவர் ராமலிங்க ராஜுவின் குடும்பத்தோடு தொடர்புடையவை. மென்பொருள் நிறுவனத்தின் பணத்தைக் கொண்டு தலைவர் குடும்பத்தின் நிலமனை, கட்டுமான நிறுவனங்களை வாங்கும் இந்தத் தீர்மானத்தை நிறைவேற்றிய குழுவில் ஹார்வர்டு பேராசிரியர் இருந்தார். பென்டியம் சில்லு உருவாக்கத்தோடு பெயர் இணைந்த பொறியாளர் இருந்தார். இந்திய வணிகப் பள்ளியின் தலைவர், மத்திய அரசின் முன்னாள் அமைச்சரவைச் செயலர், ஐஐடி ஒன்றின் முன்னாள் இயக்குநர் என்று சுயேச்சை இயக்குநர்களின் வரிசை எந்த நிறுவனமும் பொறாமைப்படத் தக்கதாக இருந்தது. கேள்விகள் எழுந்தன. ஆனால் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

முதலீட்டாளர்கள் கொதித்தெழ, ஒரே நாளுக்குள் நிறுவனம் அந்த முடிவைக் கைவிட்டது. அந்த டிசம்பரின் கடைசி வாரத்தில் சுயேச்சை இயக்குநர் மங்களம் சீனிவாசன் பதவி விலகினார். அந்தக் கொள்முதல் பற்றித் தாம் ஐயங்களை எழுப்பியும் எதிர்த்து வாக்களிக்காமல் போனதற்குத் தார்மீகப் பொறுப்பேற்பதாக அவர் தெரிவித்தார். குழுவின் இயக்கத்தை விளக்க இதைவிடத் துல்லியமான சான்று கிடைப்பது அரிது. ஐயம் இருந்தது, அது வாய்விட்டுச் சொல்லவும்பட்டது. ஆனால் வாக்காக மாறவில்லை. கேள்வி கேட்பது ஒரு குழுவில் மதிப்பைக் கூட்டும். எதிர்த்து வாக்களிப்பது உறவை முறிக்கும். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட வெளியில்தான் படித்த, தகுதி வாய்ந்த, தனிப்பட்ட முறையில் கைசுத்தமான மனிதர்கள் நின்றுவிடுகிறார்கள். ஒவ்வொருவரும் தமக்கு அடுத்திருப்பவர் துறை அறிந்தவர், அவரே பேசாதபோது நமக்கென்ன என்று எண்ணினால் போதும். எல்லாரும் எண்ணியதன் கூட்டுத்தொகை ஒருமனம் ஆகிவிடும்.

2009 ஜனவரி 7 அன்று ராஜு எழுதிய கடிதத்தில் 5,040 கோடி ரூபாய் ரொக்கமும் வங்கி இருப்பும் இல்லாதவை என்று ஒப்புக்கொண்டார். இயக்குநர்கள் எவருக்கும் இது தெரியாது என்றும் எழுதினார். தெரியாமல் இருந்திருக்கலாம். ஆனால் இந்த அளவுக் கணக்கை ஒரே ஆள் தனியே உட்கார்ந்து எழுதியிருக்க முடியாது. புலனாய்வில் 7,561 போலி விலைப்பட்டியல்கள் வெளிவந்தன. நிறுவனத்தின் கணக்கு மென்பொருளில் ஒரு சிறப்பு நுழைவு உருவாக்கப்பட்டிருந்தது. ஒரு விலைப்பட்டியலுக்கு 'எச்' என்று குறியிட்டால் அது மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியாது, 'எஸ்' என்று குறியிட்டால் தெரியும். இதைக் கற்பனை செய்து பார்க்கலாம்: நிதிப் பிரிவில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஒருவர், காலையில் வந்து அமர்ந்து, இல்லாத வாடிக்கையாளருக்கு இல்லாத வேலைக்கு ஒரு பட்டியலைத் தயாரித்து, 'எச்' என்று குறியிடுகிறார். பிறகு அடுத்தது. 2015 ஏப்ரலில் ஹைதராபாத் சிறப்பு நீதிமன்றம் ராஜு உட்படப் பத்துப் பேருக்கு ஏழாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அவர்களில் நிதிப் பிரிவு ஊழியர்களும் தணிக்கையாளர்களும் இருந்தார்கள். அடுத்த மாதமே மேல்முறையீட்டில் அந்தத் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது.

சிறிய இடைவெளியாகத் தொடங்கியது ஆண்டுக்கு ஆண்டு பெருத்தது, புலிமீது ஏறியவன் இறங்க வழி தெரியாத நிலை என்று ராஜு தம் கடிதத்தில் வருணித்திருந்தார். நாம் புலிவாலைப் பிடித்த கதை என்போம். தனி ஆளின் மோசடியும் இப்படித்தான் வளரும் என்றாலும், குழுவில் அது வளரும் விதத்தில் ஒரு கூடுதல் வசதி உண்டு. சென்ற காலாண்டில் செய்ததை இந்தக் காலாண்டில் செய்ய மறுப்பவர், சென்ற முறை தம்மோடு சேர்ந்து செய்தவர்களையும் குற்றவாளிகள் என்று சொல்பவராகிவிடுகிறார். நட்பைக் காத்துக்கொள்ள வேண்டுமானால் மௌனம் காக்க வேண்டும். முதல் போலிப் பட்டியல் தொடர்பான தயக்கத்தை இரண்டாவது பட்டியல் தீர்த்துவைக்கிறது.

ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தின் கதையில் கூட்டத்தின் உள்ளே நடந்ததே ஆவணமாகிவிட்டது. அமெரிக்கப் புகைக் கட்டுப்பாட்டு விதிக்குள் தங்கள் டீசல் இயந்திரத்தை அடக்க முடியாது என்று கண்ட பொறியாளர்கள், வண்டி சோதனைக்கூடத்தில் ஓடுகிறதா சாலையில் ஓடுகிறதா என்று தானே கண்டறிந்து, சோதனையின்போது மட்டும் புகையைக் கட்டுப்படுத்தும் மென்பொருளைப் புகுத்தினார்கள். 2017-ல் அமெரிக்க நீதித்துறையோடு அந்நிறுவனம் ஒப்புக்கொண்ட உண்மை அறிக்கையின்படி, 2006-ல் நடந்த கூட்டமொன்றில் சில ஊழியர்கள் இது முறையா என்று எதிர்ப்புத் தெரிவித்திருக்கிறார்கள். மேலதிகாரி ஒருவர் தொடர முடிவெடுத்து, மாட்டிக்கொள்ளாதீர்கள் என்ற பொருள்படக் கூடியிருந்தவர்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறார். உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 லட்சம் வண்டிகளில் அந்த மென்பொருள் போய்ச் சேர்ந்தது. அதற்கு நிறுவனத்திற்குள் வழங்கிய பெயர் 'ஒலியியல் செயல்பாடு'. ஏமாற்று மென்பொருள் என்று நாள்தோறும் சொல்லிக்கொண்டு ஒன்பது ஆண்டுகள் வேலை பார்ப்பது கடினம். ஒலியியல் செயல்பாடு என்று சொல்லிக்கொண்டு பார்க்கலாம். இந்த வகைச் சொற்களை ஒருவர் தமக்குத் தாமே உருவாக்கிக்கொள்வது அரிது, அவற்றுக்கு ஒரு கூட்டம் வேண்டும். நம் அலுவலகங்களில் லஞ்சம் என்ற சொல் எவ்வளவு அரிதாகவும், 'கவனிப்பு', 'மாமூல்' என்பவை எவ்வளவு சரளமாகவும் புழங்குகின்றன என்பது இதன் உள்ளூர் வடிவம்.

எல்லாக் குழுக்களும் இப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது. ஆய்வுகளில் பொய் கூடியதெல்லாம், பொய்யின் பலன் உறுப்பினர் அனைவருக்கும் சேரும் இடத்திலோ, எதிர்ப்பவருக்குத் தனிமை மட்டுமே மிஞ்சும் இடத்திலோதான். தனிமை என்பது இதில் எவ்வளவு பெரிய பங்கு வகிக்கிறது என்பதை 1950-களில் உளவியலாளர் சாலமன் ஆஷ் நடத்திய கோட்டுச் சோதனைகளே காட்டிவிட்டன. எந்தக் கோடு நீளம் என்று கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் கேள்விக்கு, ஏற்பாடு செய்யப்பட்ட கூட்டம் முழுதும் தவறான விடையைச் சொன்னபோது, ஏதுமறியாத பங்கேற்பாளர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட தடவைகளில் அதையே சொன்னார்கள். சரியான விடையைச் சொல்லும் ஒரே ஒரு துணை கிடைத்தபோது அந்தத் தடுமாற்றம் ஐந்தாறு சதவீதமாகச் சுருங்கிவிட்டது. கோட்டின் நீளத்துக்கே இந்த நிலை. ஒரு கொள்முதல் விலை நியாயமா, ஒரு கணக்குப் பதிவு 'சற்றே முன்கூட்டியதா' அல்லது பொய்யா என்ற கேள்விகளில் கோட்டின் முனை எங்கே என்பதே தெளிவில்லை.

இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால், வழக்கமான மருந்தான கூடுதல் கையெழுத்து ஏன் பல இடங்களில் வேலை செய்வதில்லை என்பது புரியும். ஒரு அதிகாரி தனியாக முடிவெடுப்பதற்குப் பதிலாக இருவர் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும் என்ற விதி லஞ்சத்தைக் குறைக்கிறதா என்று மியூனிக்கில் செய்த சோதனை ஒன்றில், லஞ்சம் குறைவதற்குப் பதிலாகக் கூடியது. இருவர் இருக்கையில் ஒருவரை ஒருவர் சமாதானப்படுத்த முடிகிறது. தனியாக இருந்தால் தன்னைத் தானே சமாதானப்படுத்த வேண்டும், அது சற்றுச் சிரமம். மாறாக, லஞ்சம் கொடுப்பவரும் வாங்குபவரும் ஒவ்வொரு சுற்றிலும் மாறிக்கொண்டே இருக்கும்படி அமைத்த இன்னொரு ஆய்வில் லஞ்சத்தின் அளவு ஏறக்குறைய பாதியானது. பழக நேரம் இல்லாவிட்டால் நம்பிக்கை வளர்வதில்லை. முறைகேட்டுக்கும் நம்பிக்கை தேவை. நல்ல குழுவுக்குரிய பண்புகள் என்று மேலாண்மை வகுப்புகளில் புகழப்படும் ஒற்றுமை, பரஸ்பர விசுவாசம், விட்டுக்கொடுத்தல் ஆகிய எல்லாமே இங்கே மறுபக்கத்தைக் காட்டுகின்றன.

உறுப்பினர்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட ஒவ்வொருவரின் முடிவையும் தனியே தெரியும்படி வைப்பது பயனுள்ளது என்பது என் கருத்து. கூட்டம் தொடங்குமுன்பே அவரவர் கருத்தை எழுதி வாங்கிவிடுவது, பதவியில் இளையவரை முதலில் பேசவிட்டுத் தலைவரைக் கடைசியில் பேசவைப்பது போன்ற ஏற்பாடுகள் அற்பமாகத் தோன்றினாலும் அவை தனிமனித வெட்கத்தைக் கூட்டத்தில் கரையவிடாமல் காக்கின்றன. எதிர்வாதம் செய்ய ஒருவரைப் பெயருக்கு நியமிக்கும் வழக்கத்தை நான் அவ்வளவாக நம்புவதில்லை. அவர் வேடம் போடுகிறார் என்பது அனைவருக்கும் தெரியும், அவர் எதிர்த்துவிட்டார் என்பதே மற்றவர்களுக்கு மனநிறைவாகிவிடும். நம் கம்பெனிச் சட்டத்தில் இதற்கான கருவி ஏற்கெனவே இருக்கிறது: 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 118-ஆம் பிரிவின்படி, ஒவ்வொரு தீர்மானத்தையும் எதிர்த்த, அல்லது அதனோடு உடன்படாத இயக்குநர்களின் பெயர்கள் கூட்டக் குறிப்பில் இடம்பெற வேண்டும். இதே விதி 1956-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இருந்தது. சத்யம் குழு கூடிய நாளிலும் அந்தப் பத்தி காத்திருந்தது. அதில் எழுத ஒரு பெயர் வரவில்லை.

குழுவை நம்பாமலே குழு அமைத்த ஒரு பழைய முறை தமிழ்நாட்டில் கல்லில் கிடைக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை, 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவற்றை, மக்களாட்சியின் பெருமை பேசவே பெரும்பாலும் எடுத்துக்காட்டுகிறோம். அவற்றை முறைகேட்டுத் தடுப்பு விதிகளாகப் படித்துப் பார்ப்பவர்கள் குறைவு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் வர முடியாது என்பதோடு கல்வெட்டு நிற்கவில்லை. அவருடைய அத்தை மக்கள், மாமன் மக்கள், உடன்பிறந்தார், மருமகன் என்று நீண்ட உறவுப் பட்டியலையே விலக்கிவைக்கிறது. முந்தைய மூன்றாண்டுகளுக்குள் வாரியம் செய்தவர் பெயரையும் குடத்தில் இடக்கூடாது. பதவிக்காலம் முந்நூற்று அறுபது நாள். ஓலையைக் குடத்திலிருந்து எடுப்பவன் விவரம் அறியாத ஒரு சிறுவன்; அவனிடமிருந்து அதை வாங்கும் மத்தியஸ்தர், சபை முழுதும் பார்க்க, ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும்.